தமிழ் எழுத்தை எண்ணாக்குவதும் எண்ணைத் தமிழ் எழுத்தாக்குவதும்

'தமிழ்' என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கு அது ஐந்து எண்கள்: 2980, 2990, 3007, 2996, 3021. முதலாவது த, அடுத்தது ம, மூன்றாவது இகரக் குறி, நான்காவது ழ, கடைசியில் புள்ளி. தேடினால் சொல் அகப்படவில்லை, எழுத்து எண்ணிக்கை தப்பாக வருகிறது, அகரவரிசை குழம்புகிறது, கோப்பைத் திறந்தால் குப்பையாகத் தெரிகிறது என்று வரும் சிக்கல்களில் பெரும்பாலானவற்றை இந்த எண்களை விரித்துப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம். அதற்கான வழிகள் இவை.

ஒரு குறிப்பு. கட்டளைகளின் பெயர்களை இங்கே உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறோம். கணினியில் தட்டும்போது அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

எண் பட்டியல்

உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் ஒதுக்கும் பொதுத் தரம் யூனிகோட். அதில் தமிழுக்கு ஒதுக்கிய இடம் 2944 முதல் 3071 வரை, 128 இடங்கள். எல்லா இடமும் நிரம்பவில்லை. அன்றாடம் வேண்டியவை:

உயிர்: அ 2949, ஆ 2950, இ 2951, ஈ 2952, உ 2953, ஊ 2954, எ 2958, ஏ 2959, ஐ 2960, ஒ 2962, ஓ 2963, ஔ 2964
ஆய்தம்: ஃ 2947
அகரமேறிய மெய்: க 2965, ங 2969, ச 2970, ஞ 2974, ட 2975, ண 2979, த 2980, ந 2984, ன 2985, ப 2986, ம 2990, ய 2991, ர 2992, ற 2993, ல 2994, ள 2995, ழ 2996, வ 2997
கிரந்தம்: ஜ 2972, ஶ 2998, ஷ 2999, ஸ 3000, ஹ 3001
உயிர்க்குறிகள்: ா 3006, ி 3007, ீ 3008, ு 3009, ூ 3010, ெ 3014, ே 3015, ை 3016, ொ 3018, ோ 3019, ௌ 3020
புள்ளி: 3021
ஔகாரத்தின் வலப்பக்கத் துண்டு: 3031
தமிழ் எண்கள்: ௦ 3046 முதல் ௯ 3055 வரை

இதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒரு கணக்கு போதும்: உயிரெழுத்தின் எண்ணோடு 56 கூட்டினால் அதன் குறி வரும். ஆ 2950, அதோடு 56 சேர்த்தால் 3006, துணைக்கால். ஏ 2959, 56 சேர்த்தால் 3015, இரட்டைக்கொம்பு. ஆ முதல் ஔ வரை பதினொன்றுக்கும் இது பொருந்தும். அகரத்துக்கு மட்டும் குறி கிடையாது, மெய்யின் எண்ணே அகரத்தையும் சேர்த்துக்கொண்டு நிற்கிறது. ஆகவே 'கே' வேண்டுமென்றால் 2965, பிறகு 3015. 'க்' வேண்டுமென்றால் 2965, பிறகு 3021. தமிழ் இலக்கணத்தில் மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் ஆகிறது. யூனிகோடில் உயிர்மெய்யிலிருந்து அகரத்தை எடுத்தால்தான் மெய் கிடைக்கும். நிரல் எழுதும்போது பலர் முதலில் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

நடுவில் உள்ள ஓட்டைகளுக்குக் காரணம், யூனிகோடின் இந்திய மொழிப் பகுதிகள் 1988-ஆம் ஆண்டின் இஸ்கி என்ற இந்திய எழுத்துக் குறியாக்கத் தரத்தின் வரிசையைப் பின்பற்றி அமைந்தவை. எல்லா இந்திய எழுத்துகளுக்கும் ஒரே சட்டகம். வர்க்க எழுத்துகள் தமிழில் இல்லாததால் அந்த இடங்கள் காலி. இதனால் ஒரு வசதியும் உண்டு: தேவநாகரியின் க 2325, அதோடு 640 கூட்டினால் தமிழின் க. மலையாளத்தின் க 3349, அதில் 384 கழித்தால் தமிழின் க. எழுத்துப்பெயர்ப்புக்கு இது நல்ல தொடக்கம். ஆனால் வர்க்க எழுத்து வந்தால் காலி இடத்தில் போய் விழும். அவற்றைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

எண் வரிசைப்படி அடுக்கினால் தமிழ் அகரவரிசை கிடைக்காது. ஜ, சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவே வந்துவிடும். ன, நகரத்தை ஒட்டி நிற்கும். புள்ளியின் எண் எல்லா உயிர்க்குறிகளையும்விடப் பெரியது என்பதால் 'க்' என்பது 'கௌ'வுக்கும் பின்னால் போய்விடும். அகராதி வரிசை வேண்டுமென்றால் தமிழுக்கான அடுக்கு விதியைக் கேட்டு வாங்கும் செயற்கூற்றைத்தான் (ஒரு வேலையைச் செய்துதரும் கட்டளை) பயன்படுத்த வேண்டும்.

மாற்றும் வழிகள்

பைத்தான் 3 என்ற நிரல்மொழியில் எழுத்திலிருந்து எண்ணுக்கு ஆர்ட் (ஓ, ஆர், டி என்ற மூன்று எழுத்து), எண்ணிலிருந்து எழுத்துக்கு சிஎச்ஆர். ஆர்ட்("க") என்றால் 2965 வரும். ஆர்ட்("கி") என்றால் பிழைச்செய்திதான் வரும். ஓர் எழுத்து கேட்டேன், நீளம் 2 உள்ள சரம் கிடைத்தது என்று சொல்லும். அது சரியான செய்தி. 'கி' இரண்டு எண்கள். ஆகவே சொல்லை எண்ணாக்க எப்போதும் சுற்றுக்குள் ஒவ்வொரு துண்டாக எடுத்து ஆர்ட் கொடுங்கள். திரும்பி வரும்போது ஒவ்வோர் எண்ணுக்கும் சிஎச்ஆர் கொடுத்து, இடைவெளி விடாமல் ஒட்டுங்கள். நடுவில் ஒரு வெற்றிடம் நுழைந்தாலும் குறி தன் மெய்யைவிட்டுப் பிரிந்து, புள்ளிவட்டத்தின் மேல் தொங்கும்.

எக்செலில் 2013 பதிப்பிலிருந்து யூனிகோட், யூனிகார் என்று இரண்டு செயற்கூறுகள் இருக்கின்றன. பழைய கோட், கார் இரண்டையும் தமிழுக்குத் தொடாதீர்கள். அவை 255 வரைதான் போகும். விண்டோஸில் கோட் செயற்கூற்றுக்குள் எந்தத் தமிழ் எழுத்தைப் போட்டாலும் 63 என்றே வரும். 63 என்பது கேள்விக்குறியின் எண். யூனிகோட் செயற்கூறு முதல் துண்டின் எண்ணை மட்டுமே தரும். முழுச் சொல்லையும் விரிக்க, லென் கொண்டு நீளம் எடுத்து, சீக்வென்ஸ் கொண்டு 1 முதல் அந்த நீளம் வரை எண் வரிசை உண்டாக்கி, மிட் கொண்டு ஒவ்வொன்றாக வெட்டி, அதை யூனிகோடுக்குள் கொடுங்கள். சீக்வென்ஸ் எக்செல் 2021, 365 பதிப்புகளில் உண்டு. அதற்கு முந்தையதில் பக்கத்துக் கட்டங்களில் 1, 2, 3 என்று கையால் எழுதி மிட்டுக்குக் கொடுத்தால் அதே வேலை நடக்கும்.

ஜாவாஸ்கிரிப்டில் இரண்டு ஜோடிகள் இருக்கின்றன: கார்கோட்அட், ஃப்ரம்கார்கோட் என்பது பழையது, கோட்பாயிண்ட்அட், ஃப்ரம்கோட்பாயிண்ட் என்பது புதியது. 65535-க்குள் இருக்கும் வழக்கமான தமிழுக்கு இரண்டும் ஒரே விடை தரும். அதனாலேயே தவறு பல நாள் வெளியே தெரியாது. 2019-இல் வந்த யூனிகோட் 12.0, தமிழின் பின்ன எண்களுக்கும் பழைய அளவைக் குறிகளுக்கும் 73664 முதல் 73727 வரை தனிப் பகுதி ஒதுக்கியது. முந்திரி, அதாவது 320-இல் ஒரு பங்கு, அங்கே முதல் இடத்தில் இருக்கிறது. பழைய ஃப்ரம்கார்கோடுக்கு 73664 கொடுத்தால் அது 65536-ஐக் கழித்துவிட்டு 8128-ஐ எடுத்துக்கொள்ளும். முந்திரிக்குப் பதில் ஒரு கிரேக்கக் குறி வந்து நிற்கும். கார்கோட்அட் கொண்டு படித்தாலோ ஒரு முந்திரி 55303, 57280 என்று இரண்டாக உடைந்து வரும். சிரிக்கும் முகப் பொம்மைகளுக்கும் இதே கதிதான். 55296 முதல் 57343 வரையிலான எண் எங்கே தலைகாட்டினாலும், ஒரு பெரிய எண் பாதியாக வெட்டுப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

வலைப்பக்கத்தில் எழுத வேண்டுமானால் எண்ணுக்கு முன்னால் &# போட்டு, பின்னால் அரைப்புள்ளி வையுங்கள்:

தமிழ்

இதை உலாவி 'தமிழ்' என்று காட்டும். அரைப்புள்ளியை விட்டுவிடாதீர்கள், அடுத்து ஓர் இலக்கம் வந்தால் இரண்டும் ஒட்டி வேறு எண்ணாகிவிடும். எழுத்துக்குப் பதில் இந்தக் குறியே அப்படியே திரையில் தெரிந்தால், முன்னால் உள்ள & இரண்டாம் முறை குறியாக்கப்பட்டிருக்கிறது. அது தரவுத்தளத்தில் போகும்போது நடந்ததா, பக்கத்தில் வரும்போது நடந்ததா என்று பார்த்து, ஓரிடத்தில் நிறுத்துங்கள்.

பல கருவிகள் பதினாறடிமான எண்ணைத்தான் (0 முதல் 9, பிறகு ஆங்கில ஏ முதல் எஃப் வரை, மொத்தம் பதினாறு இலக்கம்) கேட்கும். மாற்றுவது எளிது: 2965-ஐ 16-ஆல் வகுத்தால் 185, மீதி 5. 185-ஐ வகுத்தால் 11, மீதி 9. 11-க்கு ஆங்கில பி. மீதிகளைக் கீழிருந்து மேலாக எழுதி, நான்கு இலக்கமாக்க முன்னால் ஒரு பூச்சியம் சேர்த்தால் 0பி95. விண்டோஸின் வேர்டில் இதைத் தட்டி, ஆல்ட் விசையோடு எக்ஸ் அழுத்தினால் க வரும். எழுத்துக்குப் பின்னால் நின்று அதையே அழுத்தினால் எண் வரும். 'கி'க்குப் பின்னால் அழுத்தினால் இகரக் குறியின் எண் மட்டுமே மாறும், க அங்கேயே இருக்கும்.

பைட்டுகள்

மேலே சொன்ன எண் எழுத்தின் அடையாளம். கோப்பில் எழுதும்போது அதே எண் பைட்டுகளாக, அதாவது 0 முதல் 255 வரையிலான சிறு எண்களாக, வேறு உருவம் எடுக்கிறது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வரும் தவறுகளே அதிகம்.

இன்று வலையில் பரவலாக உள்ளது யூடிஎஃப்-8 என்ற குறிமுறை. அதில் ஒவ்வொரு தமிழ் எண்ணும் மூன்று பைட். கணக்கு இது: முதல் பைட் தமிழுக்கு எப்போதும் 224. எண் 3007 வரை இருந்தால் இரண்டாம் பைட் 174, எண்ணிலிருந்து 2944-ஐக் கழித்து 128 சேர்த்தால் மூன்றாம் பைட். எண் 3008 அல்லது மேல் என்றால் இரண்டாம் பைட் 175, 3008-ஐக் கழித்து 128 சேர்க்க வேண்டும். 'தமிழ்':

த 2980: 224 174 164
ம 2990: 224 174 174
ி 3007: 224 174 191
ழ 2996: 224 174 180
் 3021: 224 175 141

மொத்தம் 15 பைட். திரும்பி வர மூன்றாம் பைட்டிலிருந்து 128 கழித்து, நடுவில் 174 என்றால் 2944, 175 என்றால் 3008 கூட்டுங்கள். முகவரிப் பட்டையில் தமிழ் இணைப்பை நகலெடுத்தால் நீண்ட சரமாக ஒட்டுவதும் இதனால்தான். ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டு பதினாறடிமான இலக்கமுமாக மாறுகிறது. 'தமிழ்' என்பது 45 குறிகளாகிவிடும்.

யூடிஎஃப்-16 என்ற இன்னொரு குறிமுறையின் கோப்பில் ஓர் எண்ணுக்கு இரண்டு பைட். தமிழ்ப் பகுதி முழுவதற்கும் அவற்றில் ஒன்று 11 ஆகவே இருக்கும், 2980 என்பது 11 பெருக்கல் 256, மேலே 164. பைட்டுகளைப் பட்டியலிடும்போது ஒன்றுவிட்டு ஒன்று 11 வந்தால் கோப்பு யூடிஎஃப்-16 என்று முடிவு கட்டலாம். குறுஞ்செய்தியிலும் இதே போன்ற இரண்டு பைட் முறைதான். ஆங்கிலத்துக்கு ஒரு செய்திக்கு 160 குறி, தமிழுக்கு 70. அந்த 70-ம் எண்களின் கணக்கு. 'வணக்கம்' என்ற ஐந்தெழுத்து அங்கே ஏழாகப் பிடிக்கும்.

குப்பையாகத் தெரியும்போது

முதலில் என்ன குப்பை என்று பாருங்கள். வெறும் கட்டங்களாகத் தெரிந்தால் எண்கள் பெரும்பாலும் சரியாகவே இருக்கும், அந்தக் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை. கேள்விக்குறிகளாகத் தெரிந்து, எண் பார்த்தால் எல்லாமே 63 என்று வந்தால் மூலம் அழிந்துவிட்டது, காப்புநகலைத் தேடுங்கள். கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறியாக, எண் 65533 என்று சேமிப்பிலேயே இருந்தாலும் அப்படித்தான்.

மீட்கக்கூடியது இன்னொரு வகை: தலையில் சாய்கோடு போட்ட சின்ன ஆங்கில ஏ, அடுத்து வட்டத்துக்குள் ஆர் அல்லது மேல்கோடு, பிறகு ஏதோ ஒரு குறி என்று மூன்று மூன்றாக வரும். 224, 174, 175 ஆகிய பைட்டுகளை விண்டோஸ்-1252 என்ற மேற்கத்தியக் குறிமுறையில் படித்ததால் வந்த கோலம் இது. கமாவால் பிரித்த அட்டவணைக் கோப்பை எக்செல் நேரடியாகத் திறக்கும்போது அடிக்கடி நடக்கும். கோப்பின் தொடக்கத்தில் 239 187 191 என்ற மூன்று பைட் இருந்தால் எக்செல் அதை யூடிஎஃப்-8 என்று புரிந்துகொள்ளும். சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்று பெயரிலேயே சொல்லும் வகையைத் தேர்ந்தெடுத்தால் அந்த மூன்றும் தானாகச் சேரும்.

குப்பை ஏற்கெனவே சேமிக்கப்பட்டுவிட்டால், அந்த எழுத்துகளை விண்டோஸ்-1252 பைட்டுகளாகத் திருப்பி, அவற்றை யூடிஎஃப்-8 என்று மறுபடி படிக்க வேண்டும். இங்கே தமிழுக்கென்றே ஒரு பள்ளம் இருக்கிறது. விண்டோஸ்-1252-இல் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து பைட்டுகளுக்கு எழுத்தே ஒதுக்கப்படவில்லை. புள்ளியின் மூன்றாம் பைட் 141. உகரக் குறியின் மூன்றாம் பைட் 129. ஏ, ஐ என்ற தனி உயிரெழுத்துகளுக்கு (குறிகளுக்கு அல்ல) 143, 144. அதாவது தமிழில் மிக அதிகமாக வரும் குறிகளில் இரண்டு அந்த ஓட்டையில்தான் விழுகின்றன. பைத்தானின் கறாரான மாற்றி முதல் புள்ளியிலேயே பிழை காட்டி நின்றுவிடும். லத்தீன்-1 என்ற இன்னொரு மேற்கத்தியக் குறிமுறையை மாற்றிச் சொன்னாலும் ஆகாது. ஈகாரக் குறியின் மூன்றாம் பைட்டான 128, விண்டோஸ்-1252-இல் யூரோ குறியாக மாறியிருக்கும், லத்தீன்-1-இல் யூரோ இல்லை.

சரியான வழி, ஒவ்வோர் எழுத்தாகப் போவது. விண்டோஸ்-1252-இல் அதற்குப் பைட் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால், எழுத்தின் எண் 256-க்குக் கீழே இருக்கும்வரை, அந்த எண்ணையே பைட்டாக எடுங்கள். எல்லாவற்றையும் கோத்து யூடிஎஃப்-8 ஆகப் படித்தால் தமிழ் திரும்பிவிடும். பைத்தானுக்கான எஃப்டிஎஃப்ஒய் என்ற நிரல்தொகுப்பு இதையே செய்கிறது.

கண்ணுக்குத் தெரியாத அந்தப் பைட்டுகளை நடுவில் ஏதாவது ஒரு நிரல் உதிர்த்திருந்தால் 224 175 என்ற இரண்டு மட்டும் அநாதையாக நிற்கும். அது புள்ளியாக இருந்திருக்கும், அல்லது உகரக் குறி. 224 174 அநாதையாக நின்றால் ஏ அல்லது ஐ என்ற உயிரெழுத்து. எது என்பதை இயந்திரம் சொல்லாது, சொல்லைப் பார்த்து மனிதர்தான் நிரப்ப வேண்டும். ஆகவே திருத்தும்வரை அந்தக் குப்பையை நகலெடுத்து வேறெங்கும் ஒட்டாதீர்கள்.

ஒன்றுபோல் தெரிந்து வேறாக இருப்பவை

'கொ' இரண்டு விதமாக எழுதப்படலாம்: 2965, 3018 அல்லது 2965, 3014, 3006. திரையில் வேறுபாடே தெரியாது, ஆனால் தேடலில் ஒன்று மற்றொன்றோடு பொருந்தாது. ஓகாரமும் அப்படியே: 3019 அல்லது 3015, 3006. யூனிகோடின் என்எஃப்சி என்ற சீராக்கத்தை ஓட்டினால் இவை ஒற்றை எண்ணாகச் சேர்ந்துவிடும். எழுத்தை எண்ணாக்கும் எந்த வேலைக்கும் முன்னால் அதை ஓட்டிவிடுங்கள்.

என்எஃப்சி தீர்க்காதவை: ஸ்ரீ 3000, 3021, 2992, 3008 என்றும், ஶ்ரீ 2998, 3021, 2992, 3008 என்றும் இரண்டு விதம். க 2965-உம் ஒன்று என்ற எண்ணான ௧ 3047-உம். எ 2958-உம் ஏழான ௭ 3053-உம். சொல்லுக்கு நடுவே 8203, 8204, 8205 வந்தால் அவை அகலமே இல்லாத மறைகுறிகள். 8204 மட்டும் சில சமயம் வேண்டுமென்றே போட்டது, க், ஷ இரண்டும் க்ஷ ஆகிவிடாமல் தடுக்க. அதைக் கண்ணை மூடிக்கொண்டு நீக்காதீர்கள்.

எழுத்துகளை எண்ண வேண்டுமென்றால் 3006 முதல் 3021 வரையிலும் 3031-உம் முந்தைய எழுத்தோடு ஒட்டும் என்று விதி வையுங்கள். 'தமிழ்' மூன்றாகிவிடும். சொல்லைத் தலைகீழாக்கும்போதும் இப்படிக் கட்டிய பிறகே திருப்ப வேண்டும். வெறும் எண்களைத் திருப்பினால் சொல் புள்ளியில் தொடங்கும்.

பாமினியிலிருந்து

எண் பார்த்தால் எல்லாம் 127-க்குக் கீழே, எழுத்துருவைப் போட்டால் மட்டும் தமிழ் என்றால் அது பாமினி போன்ற எழுத்துரு வழிக் குறிமுறை, அதாவது ஆங்கில எழுத்துகளின் எண்களுக்கே தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துரு. இலங்கைத் தமிழரும் புலம்பெயர்ந்தோரும் பல ஆண்டுகள் அதில் எழுதிக் குவித்திருக்கிறார்கள், அந்த ஆவணங்களைக் காப்பாற்றுவது முக்கியமான வேலை. அதில் 'தமிழ்' என்பது 106, 107, 112, 111, 59. நேருக்கு நேர் மாற்றிவிடலாம்.

'சொல்' அப்படி அல்ல. பாமினியில் 110, 114, 104, 121, 59: கொம்பு, ச, கால், ல, புள்ளி. கண்ணுக்குத் தெரியும் வரிசை. யூனிகோடிலோ 2970, 3018, 2994, 3021. கொம்பை மெய்க்குப் பின்னால் நகர்த்தி, காலோடு சேர்க்க வேண்டும். ஐகாரத்துக்கும் ஏகாரத்துக்கும் இதே நகர்த்தல் உண்டு.

கடினமானது ஔகாரம். பழைய எழுத்துருவில் ஔகாரத்தின் வலத் துண்டுக்கும் ளகரத்துக்கும் ஒரே எண், 115. அப்படியே மாற்றினால் 'மௌனம்' என்பது 'மெளனம்' ஆகும்: 2990, 3020 வர வேண்டிய இடத்தில் 2990, 3014, 2995. தேடலில் இந்தச் சொல் ஒருபோதும் அகப்படாது. எல்லா இடத்திலும் 3014-உம் 2995-உம் சேர்த்து 3020 ஆக்கினால் 'வெள்ளம்', 'தெளிவு', 'வெளி' எல்லாம் கெட்டுப்போகும். அடுத்த எண்ணைப் பாருங்கள். ளகரத்துக்குப் பின்னால் 3006 முதல் 3021 வரை ஏதாவது குறி ஒட்டியிருந்தால் அது நிஜமான ள, தொடாதீர்கள். எதுவும் ஒட்டாமல் மொட்டையாக நின்றால் பெரும்பாலும் ஔகாரம்: கௌரவம், பௌர்ணமி, சௌகரியம், வௌவால். சிறுகதை உரையாடல்களில் மட்டும் 'வெளக்கு', 'வெளங்கல' என்ற பேச்சு வழக்கு வரும். அங்கே ள நிஜம். ஆகவே மொட்டை ளகரங்களை மொத்தமாக மாற்றாமல், சொற்களின் பட்டியலாக எடுத்து ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டு மாற்றுங்கள்.